வண்டியைத் தள்ளியவர்கள் யார்? ஆப்பிரிக்கச் சாலைகளும் பயணப் பிரதிகளும்

1

எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேசுவது வழக்கம். அதில் மூத்தவர் ஒருவர். 1980களின் கடைசியில் தான்சானியாவின் தென்பகுதியில் ஒரு குடிநீர்த் திட்டத்தில் கணக்கராக நாலு வருஷம் இருந்தவர். கூட்டம் முடிந்து டீக்கடைக்குப் போனால் அவருடைய 'சேற்றுக் கதை' வந்துவிடும். மார்ச் மாத மழை. லேண்ட்ரோவர் அச்சுவரை செம்மண் சேற்றில் இறங்கிவிட்டது. ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளேயே கொசுக்கடி. விடிந்ததும் எங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். மரக்கிளைகளை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போடுகிறார்கள், மண்வெட்டியால் சேற்றை வாருகிறார்கள், தள்ளுகிறார்கள். வண்டி கிளம்புகிற வேகத்தில் நம்மவர் சேற்றில் குப்புற விழுகிறார். 'மீசையில மண்ணு ஒட்டலைன்னு சொல்லவே முடியாதுப்பா' என்று முடிப்பார். எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். எத்தனையோ முறை சிரித்திருக்கிறோம். நானும்தான்.

சென்ற மாதம் புதிதாக வந்திருந்த ஒரு பெண் தோழர் சிரிக்கவில்லை. 'அண்ணே, தள்ளினவங்க யாரு?' என்று கேட்டார். 'ஊர்க்காரங்கம்மா' என்றார் இவர். 'அது தெரியுது. அவங்க யாரு?' இவரிடம் பதில் இல்லை. பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

எனக்குத் திரும்பவில்லை. நான் பல ஆண்டுகளாக ஆப்பிரிக்கா பற்றிய பயணப் பிரதிகளை விரும்பிப் படித்து வருகிறவன். குண்டும் குழியுமான பாதை, உடைந்த அச்சு, வெள்ளத்தில் போன பாலம் என்று வருகிற பக்கங்களை ரசித்துப் படித்தவன். அந்த ரசனைக்குள் என்ன இருந்தது என்று அந்தக் கேள்விக்குப் பிறகுதான் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. இந்தக் கட்டுரை அப்படிப் பார்த்ததன் விளைவு. ஆகவே இதை மற்றவர்கள் மீதான குற்றப்பத்திரிகையாக மட்டும் வாசிக்க வேண்டியதில்லை.

2

பயண எழுத்தில் மோசமான சாலைக்கு நிலையான ஒரு வேலை உண்டு. எழுதுகிறவன் உண்மையிலேயே அங்கே போனான் என்பதற்கு அதுதான் சாட்சி. குழி ஆழமாக ஆக அவன் சொல்லுக்கு நம்பகம் கூடுகிறது. அவன் இடுப்பு வலி அவனுடைய தகுதிச் சான்றிதழாக மாறுகிறது. சாலை என்ற சமூகப் பொருள் பயணியின் உடல் அனுபவமாகச் சுருக்கப்படுகிறது. இந்தச் சுருக்கம் நடக்கிறபோது விடுபட்டுப் போகிறவை மூன்று. அந்தச் சாலையை யார் போட்டார்கள்? எதற்காகப் போட்டார்கள், அல்லது ஏன் போடாமல் விட்டார்கள்? வண்டி போன பிறகு அதில் யார் நடக்கிறார்கள்?

இந்த மரபின் பெரிய பிரதி ஜோசப் கான்ராடின் 'இருளின் இதயம்' (1899). கான்ராட் 1890இல் காங்கோவில் மதாதியிலிருந்து உள்நோக்கிக் கால்நடையாகவே போனவர். நாவலில் மார்லோ சுமைதூக்கிகளோடு அதே வழியில் நடக்கிறான். வழியில் ஒரு வெள்ளைக்காரன் ஆயுதம் ஏந்திய காவலர்களோடு கூடாரம் போட்டிருக்கிறான். சாலைப் பராமரிப்பைக் கவனிப்பதாகச் சொல்கிறான். சாலையும் கண்ணில் படவில்லை, பராமரிப்பும் கண்ணில் படவில்லை என்கிறான் மார்லோ. கொஞ்ச தூரத்தில் நெற்றியில் குண்டு துளைத்த ஓர் ஆப்பிரிக்கரின் பிணம் அவன் காலில் இடறுகிறது. நடந்த பராமரிப்பு அதுதான் போலும் என்கிற அங்கதத்தோடு கதை மேலே நகர்ந்துவிடுகிறது. காலனியச் சாலையின் அரசியலை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இடம் குறைவு. ஆனால் செத்தவர் யார் என்பது பிரதிக்குத் தேவைப்படவில்லை. சினுவா ஆச்சிபி 1975இல் ஆற்றிய உரையில் எழுப்பிய ஆட்சேபமும் இதையொட்டியதுதான்: ஓர் ஐரோப்பிய மனம் சிதைவதைக் காட்டுவதற்கான அரங்கப் பின்புலமாக ஆப்பிரிக்கா ஆக்கப்படுகிறது. கான்ராட் கொடுமையைக் காணவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கண்டார். கண்டதை மார்லோவின் மனநிலைக்குக் கொடுத்துவிட்டார்.

ஆந்த்ரே ழீத் வேறு மாதிரி. 1925இல் பிரெஞ்சு நிலநடுக்கோட்டு ஆப்பிரிக்காவுக்குப் பூச்சிகளையும் நிலக்காட்சிகளையும் பார்க்கப் போகிற சுற்றுலாப் பயணியாகத்தான் கிளம்புகிறார். வழியில் ஒரு காட்சி குறுக்கிடுகிறது. கொட்டுகிற மழையில் பெண்கள் சாலையைச் சீர்செய்து கொண்டிருக்கிறார்கள். பலருடைய மார்பில் குழந்தை. சாலைக்கு மண் எடுப்பதற்காகத் தோண்டிய பள்ளங்கள் சரிந்து உள்ளே வேலை செய்தவர்கள் புதைந்த சம்பவங்களும் உண்டென்று அறிகிறார். இத்தனையும் எதற்கு? மாதம் ஒருமுறை அவ்வழியே போகும் மோட்டார் வண்டிக்காக. வண்டியில் போகிறவர்கள் நிர்வாகியும் ரப்பர் கம்பெனி ஏஜெண்டும்.

இந்த இடத்தில் ழீத்தின் பிரதி உடைகிறது. பயணக் குறிப்பு புகார் மனுவாக மாறுகிறது. 1927இல் 'காங்கோ பயணம்' வெளிவந்தபோது சலுகைக் கம்பெனிகளின் அட்டூழியம் பிரெஞ்சு நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. ஆனாலும் ழீத்தும் சுமைதூக்கிகளின் முதுகை நம்பியே பயணத்தைத் தொடர்ந்தார். அதே ஆண்டுகளில் காங்கோ-பெருங்கடல் ரயில்பாதை (1921-1934) கட்டாய உழைப்பால் போடப்பட்டுக் கொண்டிருந்தது. செத்தவர்கள் குறைந்தது 17,000 பேர் என்பது பலரும் தரும் மதிப்பீடு. பிரெஞ்சுக் காலனிகளில் கட்டாய உழைப்பைச் சட்டப்படி ஒழிக்க 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே 'ஆப்பிரிக்காவில் நல்ல ரோடே கிடையாது' என்று ஒருவர் சலித்துக்கொள்ளும்போது, ஒரு காலத்தில் நல்ல ரோடு என்பது எந்தப் பள்ளத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கிரகாம் கிரீன் 1935இல் லைபீரியாவின் உட்பகுதியில் நடந்தார். அடுத்த ஆண்டு 'வரைபடமில்லாப் பயணம்' வந்தது. சுமைதூக்கிகள் கூட நடக்கிறார்கள், கூலித் தகராறு வருகிறது, எல்லாம் உண்டு. ஆனால் பிரதியின் உண்மையான பாதை கிரீனின் குழந்தைப் பருவத்துக்குள் போகிற பாதை. லைபீரியக் காடு அவருடைய உளவியலுக்கு வாகனம். இதைவிட வேடிக்கை, கூடவே நடந்த ஒன்றுவிட்ட சகோதரி பார்பரா அந்தப் புத்தகத்தில் கண்ணில் படுவதே அபூர்வம். அவர் தன் கதையைத் தனிப் புத்தகமாக 1938இல் எழுத வேண்டியிருந்தது. கூட வந்த சொந்தக்காரிக்கே இந்த கதி என்றால் மூட்டை சுமந்தவன் எந்த மூலை?

3

அதெல்லாம் காலனிக் காலம், இப்போது எழுதுகிறவர்கள் அப்படியில்லை என்று சொல்லலாம். சரி, பார்ப்போம்.

போலந்து எழுத்தாளர் கபுஷ்சின்ஸ்கி ஆப்பிரிக்க விடுதலைகளை ஆதரித்தவர். நிறவெறி அவரிடம் இல்லை. 1998இல் வந்த அவருடைய ஆப்பிரிக்க நூலில் கானாவில் பஸ் ஏறும் இடம் ஒன்று வரும். பஸ் எப்போது கிளம்பும்? ஆள் நிரம்பியதும் கிளம்பும். இதிலிருந்து ஆப்பிரிக்கர்களின் காலம் என்பதே வேறு, ஐரோப்பியன் காலத்துக்கு அடிமை, ஆப்பிரிக்கனுக்குக் காலம் நெகிழ்வானது என்று ஒரு தத்துவம் விரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது. நானே இதை முன்பு ஒரு கூட்டத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

நம்மூர் ஷேர் ஆட்டோ ஆள் சேராமல் கிளம்புமா? அதை வைத்துத் தமிழரின் காலப் பிரக்ஞை பற்றி ஒருவர் எழுதினால் சிரிக்க மாட்டோமா? பஸ் ஆள் நிரம்பக் காத்திருப்பதற்குக் காரணம் டீசல். வண்டி முதலாளிக்கு அன்றாடம் கட்ட வேண்டிய தொகை, வழியில் போலீசுக்குக் கொடுக்க வேண்டியது, கரடுமுரடான ரோட்டில் சீக்கிரம் தேயும் டயர், திரும்பி வரும்போது ஆள் கிடைப்பார்களா என்ற பயம். பாதி இருக்கையோடு கிளம்பினால் அன்றைய பிழைப்பு போச்சு. இந்தக் கணக்கு பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பயணிக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் தத்துவம் எழுதுகிறார். பொருளாதாரத்தைப் பண்பாடாக மொழிபெயர்க்கிற இந்த வித்தை மிக நுட்பமானது, ஏனென்றால் அது பாராட்டுகிற தொனியில் வருகிறது. கென்ய எழுத்தாளர் பின்யவாங்கா வைனைனா 2005இல் 'ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதுவது எப்படி' என்ற அங்கதக் கட்டுரையில் இந்தத் தொனியைத்தான் கிழித்தார்.

ஒரு சொல்லையும் இங்கே கவனிக்கலாம். 'சஃபாரி' என்பது ஸ்வாஹிலியில் சும்மா 'பயணம்'. பிரசவ வலியோடு ஒரு பெண் மருத்துவமனைக்குப் போவதும் சஃபாரிதான், சோளமூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோவதும் சஃபாரிதான். ஆங்கிலத்தில் அது வேட்டையாகவும் பிறகு வேடிக்கையாகவும் ஆயிற்று. சொல்லைப் பயணிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பயணத்தை ஊர்க்காரர்களிடமே விட்டுவிட்டார்கள்.

4

பால் தெரூவின் பயணநூல் (2002) கெய்ரோவிலிருந்து கேப் டவுன் வரை தரைவழியாகப் போவது. அதில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் பகுதி வட கென்யா. எத்தியோப்பிய எல்லையில் உள்ள மொயாலேயிலிருந்து தெற்கே மாட்டு லாரியில் வருகிறார். கொள்ளைக்காரர்கள் சுடுகிறார்கள், வண்டி பழுதாகிறது. படிக்கிறவனுக்கு ரத்தம் சூடாகும்.

அந்தச் சாலை ஏன் அப்படி இருந்தது? வானிலையாலா? மண்ணாலா? மண்ணுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமச் சாலைகள் பெரும்பாலும் வெறும் மண், மிஞ்சிப் போனால் செம்புரைச் சரளை. அங்கே அதை 'முர்ரம்' என்கிறார்கள், நம் முரம்புக்கு உறவுபோலக் காதில் விழுகிறது. கரிசல் மண்ணும் நிறைய உண்டு. கரிசல்காட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை: கோடையில் கை நுழையும் அளவு வெடிப்பு, மழையில் செருப்பை உருவிக்கொள்ளும் களி. சரளைச் சாலையில் வாகனங்கள் ஓர் அளவுக்கு மேல் வேகமாகப் போகப் போகக் குறுக்கே அலையலையாக மேடுபள்ளம் விழும். பெரிய ஜீப்காரர்கள் எழுபது எண்பதில் அழுத்தி அலைகளின் தலையிலேயே மிதந்து போய்விடுவார்கள். அந்த வேகம்தான் அலையை உண்டாக்குகிறது. சைக்கிள்காரரும் நடக்கிறவரும் ஒவ்வோர் அலையையும் இறங்கி ஏற வேண்டும், புழுதியையும் தின்ன வேண்டும். கேமரூன் போன்ற நாடுகளில் மழை பெய்ததும் சாலையில் தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவார்கள். ஈரம் காயும்வரை லாரி போகக்கூடாது, போனால் சாலை கூழாகிவிடும். ஆகவே ஒரு மண் சாலையின் ஆயுள் பக்கவாட்டு வாய்க்கால், நடுவில் மேடு, சிறுபாலம், இவற்றைத் தொடர்ந்து கவனிக்க ஓர் ஆள் என்ற நான்கில் இருக்கிறது. இதில் எதுவும் இயற்கை இல்லை. எல்லாமே பணமும் முடிவும்.

வட கென்யாவுக்கு அந்த முடிவை எடுத்தது யார் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. காலனியாட்சி அப்பகுதியைத் தனிச் சட்டங்களால் மூடிய மாவட்டமாக வைத்திருந்தது. உள்ளே போகவும் வெளியே வரவும் அனுமதி வேண்டும். 1963இல் சுதந்திரம் வருவதற்கு முன்பே அங்குள்ள சோமாலியர்கள் பிரிந்து போகக் கேட்டார்கள். 1967 வரை 'ஷிஃப்டா போர்' நடந்தது. ஷிஃப்டா என்றால் கொள்ளைக்காரன், அரசு வைத்த பெயர். நெருக்கடி நிலைச் சட்டங்கள் 1991 வரை நீக்கப்படவில்லை. இதற்கு நடுவே 1965இல் கென்ய அரசு 'ஆப்பிரிக்க சோஷலிசம்' என்ற தலைப்போடு பத்தாம் எண் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. வளர்ச்சிப் பணத்தை எங்கே போட்டால் அதிக விளைச்சல் வருமோ அங்கே போட வேண்டும் என்றது அது. எந்த இடங்கள்? நல்ல மண்ணும் மழையும், போக்குவரத்து வசதியும் மின்சாரமும், வளர்ச்சியை ஏற்கும் மனமுள்ள மக்களும் ஏற்கெனவே உள்ள இடங்கள். அதாவது ரோடு இருக்கிற ஊருக்கே ரோடு. வெள்ளைக்காரக் குடியேறிகள் தங்கள் நிலத்துக்குப் போட்டுக்கொண்ட வரைபடத்தைச் சுதந்திர அரசு சோஷலிசத்தின் பெயரால் புதுப்பித்துக் கொண்டது. மார்சபிட்காரர்கள் தெற்கே நைரோபிக்குப் போவதை 'கென்யாவுக்குப் போகிறேன்' என்று சொல்வது இந்த அறிக்கைக்கு அவர்கள் எழுதிய விமர்சனம்.

தெரூ குலுங்கிக் குலுங்கி வந்தது நிலவியலின் மீது அல்ல, ஒரு கொள்கையின் மீது. அவரைச் சுட்டவர்களுக்கும் அந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இசியோலோவிலிருந்து மொயாலே வரை சுமார் 500 கிலோமீட்டருக்கு 2010களில் தார் போட்டு முடித்தார்கள். நாள்கணக்கில் ஆன பயணம் ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டது. தார் விழுந்ததும் அங்கிருந்த 'ஆதி ஆப்பிரிக்கா' எங்கே போயிற்று? அது இருந்ததே இல்லை.

வால்டர் ராட்னி 1972இல் எழுதியதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். காலனிகளின் சாலைகளும் ரயில்பாதைகளும் ஆப்பிரிக்கர் ஒருவரையொருவர் போய்ப் பார்ப்பதற்காகப் போடப்படவில்லை, எல்லாமே கடலை நோக்கி ஓடின என்றார். சுரங்கத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் துறைமுகத்துக்கு. பக்கத்து ஊருக்குப் போக வழி இல்லாமல் லண்டனுக்குப் பருத்தி போக மட்டும் வழி இருந்தது. பின்னால் கடன் நெருக்கடியும் கட்டமைப்புச் சீரமைப்பும் வந்தன. 1970களிலும் 80களிலும் ஆப்பிரிக்கச் சாலைகளில் போட்ட முதலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பராமரிப்பு இல்லாமல் அழிந்தது என்று உலக வங்கியின் ஆட்களே 1990களில் எழுதினார்கள். செலவைக் குறை என்று சொன்ன அதே வாய்.

5

பயணியின் பிரதிக்கு எதிராக ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் சாலையை எப்படி எழுதினார்கள்? இங்கே ஒரு வரலாற்று வேடிக்கை இருக்கிறது. நவீன ஆப்பிரிக்க நாவலின் தொடக்கத்திலேயே ஒரு சாலைச் சண்டை கிடக்கிறது. ஜாய்ஸ் கேரியின் 'மிஸ்டர் ஜான்சன்' (1939) வட நைஜீரியாவில் ரோடு போடுகிற கதை. அதிகாரி ரட்பெக்குக்கு ரோடு வெறி. அவருக்காகக் கணக்கைப் புரட்டிப் பணம் தேற்றி, ஆட்களை உற்சாகப்படுத்தி ரோட்டை முடித்துக் கொடுக்கிற கறுப்பு குமாஸ்தா ஜான்சன் கடைசியில் ரட்பெக்கின் கையாலேயே சுடப்பட்டுச் சாகிறான், அதுவும் தானே கேட்டுக்கொண்டு. இபாடனில் மாணவராக இருந்தபோது இதைப் படித்த எரிச்சல் தன்னை எழுதத் தூண்டிய காரணங்களில் ஒன்று என்று ஆச்சிபி சொல்லியிருக்கிறார். அந்த எரிச்சல் 1958இல் நாவலாயிற்று. தமிழில் 'சிதைவுகள்' என்று படித்திருக்கிறோம். அதில் அபாமே ஊருக்குள் 'இரும்புக் குதிரை'யில், அதாவது சைக்கிளில், ஒரு வெள்ளைக்காரன் வருகிறான். ஊரார் அவனைக் கொன்றுவிட்டுச் சைக்கிளை மரத்தில் கட்டி வைக்கிறார்கள், ஓடிப்போய்ச் சொல்லிவிடக் கூடாதே என்று. பிறகு ஊரே அழிக்கப்படுகிறது. சாலை தங்களிடம் எதற்காக வருகிறது என்று அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

ஆச்சிபியின் அடுத்த நாவலில் (1960) இன்னும் முக்கியமான ஓர் இடம். இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய ஓபி மரக்கூண்டு லாரியில் சொந்த ஊருக்குப் போகிறான். போலீஸ் மறிக்கிறது. டிரைவரின் உதவியாள் வழக்கமான இரண்டு ஷில்லிங்கை நீட்டப் போகிறான். ஓபி உற்றுப் பார்க்கிறான். படித்தவன் பார்வை கண்டதும் போலீஸ்காரன் வாங்க மறுத்து, நேர்மையாளனாகி, குற்றம் தேட ஆரம்பிக்கிறான். கொஞ்ச தூரம் போய் நிறுத்தி உதவியாள் திரும்பி ஓடுகிறான். இந்தத் தடவை பத்து ஷில்லிங். டிரைவர் ஓபியைத் திட்டுகிறார். ஓபி ஊழலை வெறுக்கிறவன், அவன் எண்ணம் சுத்தம். ஆனால் பார்வையின் விலை எட்டு ஷில்லிங், அதைக் கொடுத்தது அவன் இல்லை. பயண எழுத்தின் ஒழுக்கவியல் பற்றி இதைவிடத் தெளிவான பக்கத்தை நான் படித்ததில்லை. பார்க்கிறவன் வெளியே நிற்பதில்லை. அவன் பார்ப்பதற்கு யாரோ காசு கட்டுகிறார்கள்.

வோலே சோயிங்காவின் 'சாலை' நாடகம் (1965) விபத்தில் நொறுங்கிய லாரிகளின் உதிரிபாகக் கடையில் நடக்கிறது. அங்கே 'புரொபசர்' போலி லைசென்ஸ் தயாரிக்கிறார், சாலையிலிருந்து எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார், விபத்து நடந்தால் வியாபாரம். சாலை இரும்புக் கடவுள் ஓகுனுடையது, அது பலி கேட்கும். இதைத் தொன்மம் என்று மட்டும் வாசிப்பது மேற்கத்திய விமர்சகரின் பழக்கம். இதே சோயிங்காதான் 1988இல் நைஜீரியாவின் மத்தியச் சாலைப் பாதுகாப்புப் படை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்தார். தொன்மமும் போக்குவரத்து விதியும் அவருக்கு இரண்டு உலகங்களாக இருக்கவில்லை. பென் ஓக்ரியின் 'பசித்த சாலை' (1991) அந்தப் படிமத்தையே பெரிதாக்கியது. அதில் சாலை முன்பு ஆறாக இருந்தது, இப்போது எதைத் தின்றும் பசி அடங்குவதில்லை. மண்ணில் புதைந்த ழீத்தின் பெண்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் அது மாய யதார்த்தம் இல்லை, வெறும் யதார்த்தம்.

கூகி வா தியாங்கோ (2025இல் மறைந்தார்) இந்தக் கேள்வியை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டு போனவர். 'இரத்த இதழ்கள்' (1977) நாவலில் இல்மொரோக் என்ற ஒதுங்கிய ஊரை வறட்சி பிடிக்கிறது. ஊரார் கழுதை வண்டியோடு நடந்தே நைரோபிக்குப் போய்த் தங்கள் எம்.பி.யைப் பார்க்கிறார்கள். பயண எழுத்தின் திசையையே இது திருப்பிவிடுகிறது: நகரம் கிராமத்தை வேடிக்கை பார்க்க வரவில்லை, கிராமம் நகரத்தைக் கணக்குக் கேட்கப் போகிறது. பிறகு அவர்கள் கேட்ட சாலை வருகிறது. கண்டத்தையே குறுக்கே வெட்டும் பெருஞ்சாலை. சாலையோடு வங்கி வருகிறது, கடன் வருகிறது, வேலி வருகிறது. கிழவி நியாகின்யுவாவின் நிலம் ஏலத்துக்குப் போகிறது. பணக்காரர் பகுதிக்கு 'கேப் டவுன்' என்று பெயர், சேரிக்கு 'புதிய ஜெருசலேம்'. அடுத்த நாவலில், தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று வந்ததில், கதையின் ஒரு முக்கியப் பகுதி ஒரு லொடலொட மட்டாட்டு வண்டிக்குள் நடக்கிறது. அங்கே குலுங்குவது ஒருவருடைய தனி அனுபவம் அல்ல. ஐந்தாறு பேர் சேர்ந்து தங்கள் நாட்டைப் பற்றி வாதாடுகிற மன்றம் அது.

6

இங்கே என் வாதத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. நம் ஆட்கள் அடிக்கடி வழுக்குகிற இடம். சாலை காலனியக் கருவி, சாலை மூலதனத்தின் நாக்கு, ஆகவே சாலை வேண்டாம் என்று முடித்துவிடலாம். இயக்கக் கூட்டங்களில் நானும் அப்படிப் பேசியதுண்டு. ஆனால் இல்மொரோக்காரர்கள் நடந்து போனது வழி வேண்டும் என்பதற்காகவும்தான். சாலை இல்லாத ஊரில் வயிற்றுப் பிள்ளையோடு சாகிறவள் மூலதனத்தை வென்றுவிட்டதாக யாரும் எழுதக்கூடாது. 2006இல் உலக வங்கி எடுத்த கணக்கின்படி, ஆப்பிரிக்கக் கிராம மக்களில் எல்லாக் காலத்திலும் போகக்கூடிய சாலைக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இதைக் கொண்டாட முடியாது.

அதேபோல 'ரோடு போட்டால் சரியாகிவிடும்' என்ற வளர்ச்சிச் சொல்லாடலிலும் ஓட்டை இருக்கிறது. 1980களில் தான்சானியாவின் மகேட்டே மாவட்டத்தில் கிராமத்தார் எங்கெங்கே, எதற்காகப் போகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பயணங்களில் பெரும்பகுதி சாலையிலேயே நடக்கவில்லை. தண்ணீருக்கு, விறகுக்கு, வயலுக்கு, மாவு மில்லுக்கு ஒற்றையடிப் பாதைகளில் நடக்கிறார்கள். சுமையில் பெரும்பகுதி பெண்களின் தலையில். பொறியாளர் வரைபடத்தில் அந்தப் பாதைகளும் இல்லை, அந்தத் தலைகளும் இல்லை. ஆகவே அங்கே கழுதை, கைவண்டி, பாதைச் சீரமைப்பு என்று யோசிக்க வேண்டியதாயிற்று. கிழக்கு காங்கோவின் கோமாவில் 'சுகுடு' என்று மரத்தாலேயே செய்த இருசக்கரத் தள்ளுவண்டி உண்டு. மூட்டை மூட்டையாக ஏற்றி எரிமலைப் பாறைச் சாலையில் இறங்குவார்கள். அதற்கு அந்த ஊரில் சிலையே இருக்கிறது. லேண்ட்ரோவருக்கு அல்ல.

கென்யாவில் 1974இல் தொடங்கிய கிராமப் பாதைத் திட்டத்தை இந்த இடத்தில் நினைக்கலாம். பெரிய எந்திரங்களை நம்பாமல் உள்ளூர் ஆட்கள் கூலிக்கு, கைக்கருவிகளால் போட்ட சாலைகள். முடிந்த பிறகு அந்த வேலையில் இருந்த ஒருவரிடமே, அவர் வீட்டருகே ஒன்றிரண்டு கிலோமீட்டரை ஒப்படைத்துப் பராமரிப்புக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ழீத் பார்த்த பெண்களும் மண்ணைத்தான் வாரினார்கள், இவர்களும் மண்ணைத்தான் வாரினார்கள். நடுவில் கூலி என்ற ஒன்றும் 'என் ரோடு' என்ற ஒன்றும் இருக்கிறது. சொர்க்கம் இல்லை, கூலி குறைவு, நிதி நின்றால் வேலையும் நிற்கும். ஆனால் சாலை யாருடையது என்ற கேள்விக்கு வேறொரு விடை இருக்க முடியும் என்பதை அது காட்டியது. பிரச்சினை சாலை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எங்கே போகிற சாலை, யார் கேட்ட சாலை, யார் உடம்பின் மேல் போட்ட சாலை?

7

இதையெல்லாம் எழுதிவிட்டு நம் மூத்த நண்பரைப் பார்க்கப் போனேன். 'அண்ணே, அந்தத் தோழர் கேட்டதுக்கு யோசிச்சீங்களா?' என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

தள்ளியவர்கள் ஒன்பது பேரோ பத்துப் பேரோ. அதில் ஒருத்தர் ஓரமாக மரத்தடியில் ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார். காய்ச்சல், நிற்க முடியவில்லை. ராத்திரியே கிளம்பிச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மாவட்ட ஆஸ்பத்திரி இன்னும் முப்பது கிலோமீட்டர். வண்டி மேலே வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான், இவளை ஏற்றிக்கொண்டு போங்கள். திட்ட வண்டியில் வெளியாளை ஏற்றக்கூடாது என்பது அலுவலக விதி. டிரைவர் இவரைப் பார்த்தார். இவர் டிரைவரைப் பார்த்தார். 'நான் கணக்கன்ப்பா, லாக் புக்ல நான்தான் கையெழுத்துப் போடணும்.' ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்த மனுஷன் திட்டவில்லை. 'போலே' என்றாராம். ஸ்வாஹிலியில் வருத்தம் தெரிவிக்கிற சொல். சேற்றில் விழுந்த இவருக்காக அவர் வருத்தப்பட்டிருக்கிறார்.

'இத்தனை வருஷமா இதை ஏண்ணே சொல்லலை?'

'சொன்னா யாரு சிரிப்பா?'

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவரை நியாயம் விசாரிக்க எனக்குத் தகுதி கிடையாது. அந்தக் கதையின் சிரிப்புப் பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். கதை அப்படி வெட்டப்பட்டதில் கேட்டவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

கரடுமுரடான பாதை பற்றிய எந்தப் பிரதியைக் கையில் எடுத்தாலும் இனி அந்தத் தோழரின் கேள்வியோடுதான் எடுக்க வேண்டியிருக்கும். தள்ளினவங்க யாரு? தள்ளியபிறகு அவர்கள் கேட்டது என்ன? வண்டியில் இடம் இருந்ததா?

அடுத்த கூட்டத்தில் அவர் முழுக் கதையையும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சிரிக்க வருகிறவர்கள் வர வேண்டாம்.